வியட்நாமிய நடிகர் கட்டுரை: விடுபட்ட பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழின் கலைப் பக்கத்தில் மெல்பேர்ணின் வியட்நாமிய நடிகர்கள் பற்றி வந்த கட்டுரையை வாசித்தோம். தமிழ்ப் பத்திரிகையொன்று இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததே பெரிய காரியம். ஆனால் அதில் ஒரு வரி உறுத்துகிறது: ‘சினிமாவில் வாய்ப்புக் குறைந்ததும் சமூக நாடகத்துக்குப் போய்விட்டார்கள்.’ அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நாங்கள் மெல்பேர்ணின் மேற்குப் புறநகர்களில் சமூக அரங்கில் வேலை செய்கிறவர்கள். அந்த வேலை என்ன, எப்படி நடக்கிறது, எங்கே பிழையாகிறது என்பது கட்டுரையில் வரவில்லை. விடுபட்ட பாதியை எழுதுகிறோம்.

கட்டுரையில் பேசப்பட்ட ரோனி லே-நுயென் சிறு வயதில் அகதியாக வந்தவர். 1992இல் வெளியான ‘ரொம்பர் ஸ்டொம்பர்’ படத்தில் ‘ரைகர்’ என்ற வியட்நாமிய இளைஞராக நடித்தார். மெல்பேர்ணின் மேற்கிலுள்ள புட்ஸ்கிறே வட்டாரத்தில் மொட்டைத்தலை இனவாதக் கும்பலுக்கும் வியட்நாமிய இளைஞர்களுக்கும் நடக்கும் மோதல்தான் கதை. ரஸல் குரோவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த படம். மொட்டைத்தலையர் எங்கே படுக்கிறார்கள், எதைத் தின்கிறார்கள், யாரைக் காதலிக்கிறார்கள் என்பதெல்லாம் படத்தில் உண்டு. வியட்நாமியர் பெரும்பாலும் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகப் போகிறார்கள். அதே பத்தாண்டில், அதே புட்ஸ்கிறேயில், வியட்நாமிய இளைஞர்களைச் சேர்த்து அவர்களுடைய பேச்சிலேயே நாடகம் செய்யத் தொடங்கினார் ரோனி. இதைத் தொழிலில் சறுக்கல் என்று வாசித்தால் ஆளையும் விளங்கவில்லை, ஊரையும் விளங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஊரை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கையின் கடைசி மிச்சங்கள் 1973இல்தான் நீங்கின. சைகோன் வீழ்ந்து ஒரு வருடத்துக்குள், 1976 ஏப்ரலில், ஐந்து பேரோடு முதல் படகு டார்வின் வந்து சேர்ந்தது. பின்னால் விமானத்தில் வந்த ஆயிரக்கணக்கானோரை அரசு விடுதிகளில் தங்கவைத்தார்கள். மெல்பேர்ணில் மரிபினோங்கில் ஒரு விடுதி, ஸ்பிரிங்வேலில் ஒரு விடுதி. விடுதியை விட்டு வெளியேறியவர்கள் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்தார்கள். புட்ஸ்கிறேயும் ஸ்பிரிங்வேலும் வியட்நாமிய ஊர்களானது இப்படித்தான். சிட்னியில் கப்ரமற்றாவும் அப்படியே. 1994 செப்ரெம்பரில் கப்ரமற்றாவின் மாநில சட்டமன்ற உறுப்பினர் தன் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். தெருவில் ஹெரோயின் விற்பனையும் சேர்ந்துகொண்டது. செய்தியில் வந்த முகமே நடிகர் தெரிவுக்கும் போனது. அந்தக் காலத்தில் வியட்நாமிய நடிகருக்கு வந்த அழைப்புகளை ஒரு கைவிரலில் எண்ணலாம்: கும்பல்காரன், தூள் விற்பவன், கடைக்காரன், ஆங்கிலம் தெரியாத அகதி. இரண்டு வரி வசனம், அதுவும் உடைந்த ஆங்கிலத்தில். சுத்தமான மெல்பேர்ண் உச்சரிப்பில் பேசத் தெரிந்தவனைக் கூப்பிட்டு ‘கொஞ்சம் உடைத்துப் பேசு’ என்று கேட்பது அந்தத் தொழிலில் அன்றாடம் நடந்த காரியம்.

இனி வேலைக்கு வருவோம். ஒரு சமூக நாடகம் மேடையில் 70 நிமிடம் ஓடும். அதற்குப் பின்னால் 24 வார வேலை இருக்கிறது. முதலில் கையில் எடுக்கவேண்டியது நாட்காட்டி. வியட்நாமியப் புத்தாண்டான தெத், ஜனவரி 21க்கும் பெப்ரவரி 20க்கும் இடையில் வரும். அந்த நாட்களில் பிள்ளைகள் பெற்றோரின் பேக்கரியிலும் உணவகத்திலும் நிற்பார்கள். ஒருவரையும் கூப்பிட முடியாது. ஒக்ரோபர் கடைசியில் விக்ரோறியாவின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. செப்ரெம்பர் பிறந்தாலே தாய்மார் பிள்ளையை வெளியே விடமாட்டார்கள் (நம்முடைய வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறதாம்). மிஞ்சுவது மார்ச் முதல் ஓகஸ்ட் வரை. முதல் 6 வாரம் விளையாட்டும் பேச்சும், அடுத்த 6 வாரம் கதை சேர்ப்பது, 4 வாரம் நாடக எழுத்துரு எழுதுவது, கடைசி 8 வாரம் ஒத்திகை. இப்படிப் பிரித்தால் ஜூன் கடைசியில் தொடங்கும் இரண்டு வாரப் பாடசாலை விடுமுறை, ஒத்திகையின் தொடக்கத்தில் வந்து விழும். ஒத்திகைக்கு நாள் முழுக்கக் கிடைக்கிற ஒரே காலம் அது. அதைத் தவறவிட்டவர்கள் ஓகஸ்டில் வசனம் பாடமில்லாத பிள்ளைகளோடு முழித்துக்கொண்டு நிற்பார்கள்.

வாரத்துக்குள்ளும் கணக்கு உண்டு. வெள்ளி இரவு உணவகங்களுக்கு ஆள் தேவைப்படும் இரவு. சனி காலை மொழிப் பள்ளி. சனி பிற்பகல் 2 முதல் 5 வரை, புதன் மாலை 6 முதல் 8 வரை என்று வைத்தால் நிலைக்கும். மேடையில் 12 பேர் வேண்டுமானால் 25 பேரோடு தொடங்கவேண்டும். ஈஸ்டர் வரும்போது 18 பேர் இருப்பார்கள், எழுத்துரு கைக்கு வரும்போது 14. ஒத்திகை தொடங்கிய பிறகும் ஒருவர் விலகுவார் என்று வைத்து, மிகச் சிறிய பாத்திரம் ஒன்றை இன்னொன்றோடு சேர்க்கக்கூடிய விதமாகவே எழுதவேண்டும். ஆங்கிலத்தில் சுவரொட்டி அடித்து ஒட்டினால் இரண்டு பேர்தான் வருவார்கள். வீட்டுக்குப் போய், தாயிடமோ பாட்டியிடமோ நேரே பேசி, எத்தனை மணிக்கு யார் கூட்டிவந்து விடுவார்கள் என்பதைச் சொல்லிவிட்டு, தருகிற தேத்தண்ணீரையும் குடித்துவிட்டு வந்தால்தான் பிள்ளை வரும். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால், சிறுவரோடு வேலை செய்வதற்கான அரச அனுமதி அட்டை பொறுப்பாளர்களிடம் இருக்கவேண்டும். விக்ரோறியாவில் 2006 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அட்டை கைக்கு வரச் சில வாரம் பிடிக்கும். மார்ச்சில் விண்ணப்பித்தால் பிந்திவிடும்.

கதை சேர்க்கும் இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ‘எப்படிப் படகில் வந்தீர்கள்?’ என்று எடுத்த எடுப்பில் கேட்பார்கள். அதற்கு எல்லாரிடமும் தயாரான பதில் ஒன்று உண்டு. குடிவரவு அதிகாரியிடம் சொன்னது, ஆசிரியரிடம் சொன்னது, அதே வரிசை, அதே சொல். அதை வைத்து நாடகம் எழுத முடியாது. பொருளில் தொடங்கவேண்டும். முதன்முதலாக வாங்கிய றைஸ்குக்கர், விடுதியில் கொடுத்த கம்பளிக் கோட், வீட்டுக் கராஜில் கிடந்த தையல் மெஷின். ‘அந்த மெஷினில் யார் தைப்பார், எத்தனை மணிவரை?’ என்று கேட்டால், இரவு இரண்டு மணிக்குச் சட்டைக் கொலரைத் திருப்பிப்போடும் தாயும், பக்கத்தில் நூல் வெட்டிக்கொண்டே வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளையும் தாமாகவே வருவார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மெல்பேர்ணின் துணிக் கம்பனிகளுக்கு வீட்டிலிருந்து துண்டுக்கணக்கில் தைத்துக் கொடுத்தவர்களில் வியட்நாமியப் பெண்கள் மிகப் பலர்.

கதை சொன்னவரே அதில் நடிக்கக் கூடாது. சிரமம் வந்தால் மேடையிலேயே உடைந்துபோவார். அடுத்த நாள் காட்சிக்கும் அவரையே நிறுத்தவேண்டியிருக்கும். பெயர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை என்று மூன்றையாவது மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் போதாது. புட்ஸ்கிறே சந்தையில் ஒருவரை ஒருவர் தெரியாதவர் குறைவு. ‘இரட்டைப் பிள்ளை, மீன் கடை’ என்றாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள். எழுத்துருவாகிய பிறகு சொன்னவரிடம் வாசித்துக் காட்டவேண்டும். கடைசி வாரத்துக்கு முன் எந்த நேரமும் ‘வேண்டாம்’ என்று அவர் சொல்லலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடவேண்டும். கடலில் கொள்ளையரிடம் அகப்பட்ட பெண்கள் பற்றிய காட்சி வேண்டுமென்று வெளியிலிருந்து வரும் நெறியாளர்கள் அடிக்கடி கேட்பார்கள். சபையில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கு அது நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. காட்டாமல் விடுவதுதான் எங்கள் தீர்மானம். படகின் சுக்கான் பிடித்தவர் ஒரு பெயரைச் சொல்லத் தொடங்கி நிறுத்தினால் போதும், சபைக்கு விளங்கும்.

மொழிப் பிரச்சினையைப் பற்றிக் கட்டுரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. வியட்நாமிய மொழியில் நடுநிலையான ‘நான்’, ‘நீ’ வீட்டுப் பேச்சில் வராது. தகப்பனிடம் பேசும்போது மகன் தன்னை ‘கோன்’ என்பான், அதாவது பிள்ளை. மூத்தவனிடம் ‘எம்’, இளையவனிடம் ‘ஆன்’. ஆள் மாறமாற ‘நான்’ மாறும். ‘அண்ணை, தம்பி கேட்கிறன்’ என்று நாம் சொல்வதைப் போன்றது, ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும். மகன் கோபத்தில் ஆங்கிலத்துக்கு மாறி ‘ஐ’ என்று தொடங்குகிற கணத்தில் வீட்டு முறையே கவிழ்ந்துவிடுகிறது. வியட்நாமியப் பார்வையாளர் அந்த இடத்தில் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். ஆங்கிலப் பார்வையாளருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே எழுத்துருவில் அந்த ‘ஐ’க்கு முன்னால் மூன்று ‘கோன்’ வரும்படி எழுதி, அவை ஒவ்வொன்றுக்கும் மகன் தலை தாழ்த்தும்படி அசைவும் கொடுத்தால், நாலாவது தரம் தலை நிமிரும்போது இரு சாராருக்கும் விளங்கும்.

தெற்கத்தியருக்கு அம்மா ‘மா’, வடக்கத்தியருக்கு ‘மெ’. ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் ‘மா’ என்றும் மற்றவர் ‘மெ’ என்றும் கூப்பிட்டால் சோகக் காட்சியில் சபை சிரிக்கும். நடிகர் தெரிவின்போதே இதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் தொனி. ஒரே ‘ம’வும் ‘ஆ’வும் ஆறு தொனியில் ஆறு சொல்: பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று. தெற்கில் இரண்டு தொனிகள் ஒன்றாகிவிடும். மீதி ஐந்தையும் காப்பாற்றியாக வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகள் நாடகம் படிப்பது ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் அழுத்தம் கொடுக்கக் குரலை உயர்த்துவார்கள். அதே பழக்கத்தில் வியட்நாமிய வசனத்தையும் சொன்னால், உயர்ந்த இடத்தில் தொனி மாறி, சொல்லும் மாறிவிடும். அம்மாவைக் கூப்பிடுகிற பிள்ளை பேயைக் கூப்பிடுவான். திருத்தும் வழி: அழுத்தத்தை உயரத்தில் கொடுக்காமல் நீளத்திலும் இடைவெளியிலும் கொடுக்கப் பழக்குவது. எழுத்துருவைப் பார்க்காத ஒரு பாட்டியைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, விளங்காத இடத்தில் கை உயர்த்தச் சொன்னால் ஒரே மாலையில் பிழை முழுவதும் வெளியே வந்துவிடும். அந்தப் பாட்டிக்குக் கொடுப்பனவு ஒதுக்கவேண்டும். அவர் செய்வது மொழிப் பயிற்றுநர் வேலை.

இதே ஆபத்து அச்சிலும் உண்டு. தொனிக் குறி விழாத அச்செழுத்தில் சுவரொட்டி அடித்தால் ‘அம்மாவின் வீடு’ என்ற தலைப்பு ‘பேயின் வீடு’ என்று வாசிக்கப்படும். கணினியில் சரியாகத் தெரிந்தது அச்சகத்தில் கொட்டுண்டு போகும். அச்சுக்குப் போகும் கோப்பில் அச்செழுத்தையும் பதித்து அனுப்பவேண்டும், அல்லது தலைப்பைப் படமாக மாற்றி அனுப்பவேண்டும். சப்ரைட்டிலுக்கும் அப்படியே: மண்டபத்துக் கணினியில் அந்த அச்செழுத்து இல்லாவிட்டால் திரை முழுக்கச் சதுரப் பெட்டி. சப்ரைட்டில் ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு 40 எழுத்து; அதற்கு மேல் போனால் பார்வையாளர் நடிகரைப் பார்ப்பதை விட்டுவிடுவார். நகைச்சுவையின் கடைசிச் சொல்லைத் தனித் திரையாக வெட்டாவிட்டால், நடிகர் வாய் திறக்குமுன்பே ஆங்கிலம் வாசிப்பவர்கள் சிரித்து முடித்துவிடுவார்கள், பிறகு மற்றப் பாதி சிரிக்கும். பொத்தானை அமுக்குகிறவர் இரண்டு மொழியும் தெரிந்தவராக, ஒத்திகையின் மூன்றாம் வாரத்திலிருந்தே உட்கார்ந்திருப்பவராக இருக்கவேண்டும். கடைசி நாள் வந்து உட்காருகிற மண்டப ஊழியரால் ஆகாது.

முதியவர்களைச் சபைக்குக் கொண்டுவருவது காய் லுவோங். தென் வியட்நாமின் பாட்டு நாடகம், நூறு வருடத்துக்குச் சற்றுக் கூடிய வயது. அதன் உயிர் வொங் கோ என்ற மெட்டு. 1919 வாக்கில் மேக்கோங் கழிமுகத்தின் பாக் லியூ ஊரில் பிறந்தது. வரிக்கு 2 தட்டாக இருந்தது 4, 8, 16, 32 என்று நீண்டுகொண்டே போனது. காலால் மிதிக்கிற சிறு மரத்தட்டு தாளம் சொல்லும். கிற்றாரின் நரம்புப் பலகையைக் குடைந்து பள்ளமாக்கி, நரம்பை அழுத்திச் சுருதியை வளைப்பார்கள். பாடகர் தாளமில்லாமல் நீளமாக இழுத்துக்கொண்டு வந்து ஒரு சுரத்தில் இறங்குவார். இறங்கியதும் சபை கைதட்டும், கட்டாயம் தட்டும். இதை அறியாத ஒளியமைப்பாளர் அந்தச் சுரத்தின் மேலேயே விளக்கை அணைக்கும்படி குறித்து வைத்திருப்பார். கைதட்டல் இருட்டில் விழும், அடுத்த வசனம் அதில் மூழ்கும், முதியவர்களுக்குக் கோபம் வரும். அங்கே 4 வினாடி வெறுமையாக விடவேண்டும். முழுப் பாட்டையும் வைக்கவும் முடியாது, ஒரு வரியே போதுமான நீளம். 70 நிமிட நாடகத்தில் இரண்டு வரி தாங்கும். பாடுகிறவரும் வாசிக்கிறவரும் சமூகத்தில் எங்கோ ஓரிடத்தில் இருப்பார்கள். இறைச்சிக் கடையில் நிற்பவராக இருக்கலாம். ஒலிப்பதிவை ஓடவிட்டால் இறங்கும் இடத்தில் பிள்ளையால் காத்திருக்க முடியாது. அதனால் நேரடி வாத்தியம்தான்.

மேடைப் பொருட்களில் நடக்கும் பிழைகள் சிறியவை, ஆனால் சபை அவற்றை மன்னிப்பதில்லை. சோற்றுக் கிண்ணத்தில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைப்பது செத்தவருக்குப் படைக்கும் முறை. சாப்பாட்டுக் காட்சியில் வெளியாள் வடிவமைப்பாளர் அழகுக்காக அப்படி வைத்துவிட்டால் முன்வரிசைப் பாட்டிமார் சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். முன்னோர் மாடத்தில் வைக்கும் படத்துக்கு நடிகர்களின் படத்தை எடுக்கக் கூடாது. உயிரோடிருப்பவரின் படத்தை அங்கே யாரும் வைக்கவிட மாட்டார்கள். நாம் மாலை போட விடுவோமா? பழைய சந்தையில் வாங்கிய அறியாத ஒருவரின் படமும் சரியில்லை. முகம் தெளியாத வரைபடம் ஒன்றைச் சட்டத்தில் போடுவதே வழி. ஊதுபத்தியைக் கொளுத்தினால் புகை உணரி அலறும். தீயணைப்பு வண்டி வரும், வீண் அழைப்புக்குக் கட்டணமும் வரும். நுனியில் சிறு சிவப்பு எல்ஈடி பொருத்திய பத்தி போதும். வாசம் வேண்டுமென்றால் சபை வருமுன் வெளியில் கொளுத்தி, துணியில் பிடித்துக் கொண்டுவந்து வைக்கலாம்.

தையல் மெஷினை மேடையில் வைக்க ஆசைப்படாதவர் இல்லை. பழைய தொழிற்சாலை மெஷினின் கிளச் மோட்டார், தைக்காதபோதும் சுழன்று இரைந்துகொண்டேயிருக்கும். அந்த இரைச்சலில் நடிகையின் மெல்லிய வசனம் ஒன்றும் கேட்காது. மேசையோடு தூக்க மூன்று பேர் வேண்டும், காட்சி மாற்ற 20 வினாடி இருக்கும். மோட்டாரைக் கழற்றிவிட்டு, கைச்சக்கரத்தை நடிகை உருட்ட, பதிவு செய்த சத்தத்தை மேசைக்கு அடியில் வைத்த சிறு ஒலிபெருக்கியில் விடவேண்டும். மண்டபத்துப் பெரிய ஒலிபெருக்கியில் விட்டால் மெஷின் கூரையில் தைப்பது போலிருக்கும்.

மின்சாரம் தனிக் கதை. சமூக மண்டபங்களில் மேடை பிளக்கும் சமையலறை பிளக்கும் ஒரே 20 அம்பியர் தடையில் (சுமை கூடினால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இருப்பது சாதாரணம். 230 வோல்ற்றில் அது 4600 வாற். 1000 வாற் விளக்கு இரண்டு எரிகிறது. இடைவேளைத் தேத்தண்ணீருக்காகப் பின்னால் யாரோ 2400 வாற் வெந்நீர்க் கலனைப் போடுகிறார்: 4400. இன்னும் தாங்கும். பிறகு ஓர் அன்ரி றைஸ்குக்கரைச் செருகுகிறார், 700 வாற். 5100. தடை உடனே விழாது. சற்றே கூடிய சுமைக்குச் சூடேறி விழ நெடுநேரம் பிடிக்கும், சில வேளை விழாமலும் இருக்கும். அதனால்தான் றைஸ்குக்கர் போட்டவரை ஒருவரும் சந்தேகிப்பதில்லை. விழுந்தால், விளக்கு அணைவது நாடகத்தின் மிக முக்கியமான இடத்தில். முதல் நாளே எந்தப் பிளக் எந்தத் தடையில் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் காகிதத்தில் எழுதி, சமையலறைக் கதவில் வியட்நாமிய மொழியில் ஒட்டவேண்டும். எல்ஈடி விளக்கு கிடைத்தால் சிக்கல் பாதி தீரும்.

காட்சி நேரம் ஞாயிறு பிற்பகல் 2 மணி. முதியவர்களை வெள்ளி இரவு கூப்பிட்டால் வரமாட்டார்கள். திரும்பிப் போக ரயில், இருட்டு, படிக்கட்டு. கறுப்புப் பெட்டி அரங்குகள் எனப்படும் சிறு நாடகக் கூடங்களின் சாய்வு இருக்கைக்குப் பிடிகம்பி இல்லாவிட்டால் அவர்கள் முன்வரிசையிலேயே நெருக்கியடித்துக்கொள்வார்கள், பின்னால் கதிரை காலியாகக் கிடக்கும். 2 மணி என்று அச்சிட்டு 2.20க்குத் தொடங்கத் திட்டமிடவேண்டும். முதல் பத்து நிமிடத்தில் கதைக்கு அத்தியாவசியமான எதையும் வைக்கக் கூடாது.

கொடி விடயத்தில் ஒரு தரம் பிழை விட்டால் அந்தக் குழுவுக்கு அதற்குப் பிறகு சபையே கிடையாது. புலம்பெயர்ந்தோரின் கொடி பழைய தென் வியட்நாமின் கொடி, மஞ்சளில் மூன்று சிவப்புக் கோடு. இன்றைய வியட்நாம் அரசின் சிவப்புக் கொடியோ அதன் படையினரின் பச்சைத் தொப்பியோ மேடையில் வந்தால், எதிரியைக் காட்டத்தானே வைத்தோம் என்ற விளக்கம் எடுபடாது. 2003இல் அவுஸ்திரேலியாவின் பன்மொழி ஒளிபரப்பான எஸ்பிஎஸ் தொலைக்காட்சி ஹனோயின் அரச செய்தியை மறுஒளிபரப்பத் தொடங்கியபோது பெரும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. அந்த ஆண்டு முடியுமுன் ஒளிபரப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. சிப்பாய் தேவையான காட்சியில் உடுப்பை விட்டுவிட்டு சப்பாத்துச் சத்தத்தை வைத்தால் காட்சி நிற்கும், சண்டையும் வராது. இதைச் சிலர் கோழைத்தனம் என்கிறார்கள். சபையில் அமர்ந்திருப்பவரின் காயத்தைக் கிளறிவிட்டுத் துணிச்சல் என்று பெயர் வைப்பது எங்களுக்கு உடன்பாடில்லை.

பிரேசில் நாடக நெறியாளர் ஒகுஸ்ரோ போவாலின் விவாத அரங்கை இங்கே பலர் முயன்றிருக்கிறார்கள். 15 நிமிட நாடகம் நெருக்கடியில் முடியும். மறுபடி ஓடும்போது பார்வையாளர் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறி ஒரு பாத்திரத்தின் இடத்தை எடுக்கலாம். வியட்நாமியச் சபையில், நம்முடையதிலும் அப்படித்தான், தகப்பனோடு மோதுகிற மகனின் இடத்தை எடுக்க ஒரு பிள்ளையும் எழும்பாது. பின்னால் உண்மைத் தகப்பன் இருக்கிறார். மோதலை வீட்டுக்குள் வைக்காமல் வேலைகொடுப்பவரிடமோ பாடசாலை அதிபரிடமோ வைத்தால் எழும்புவார்கள். எழும்பாதவருக்கு, இருந்த இடத்திலிருந்தே சொல்லட்டும், நடிகர் செய்து காட்டட்டும்.

பணம்: நகரசபை, மாநிலம், கூட்டரசு என்று மூன்று கதவு. பதிவு செய்யாத தனிக் கலைஞருக்குப் பல நிதிகள் நேரே வராது. பதிவு பெற்ற அமைப்பொன்று தாங்கி வாங்கி, தன் பங்கைக் கழித்துக்கொண்டு கொடுக்கும். நிதி ஒத்திகை வாரங்களுக்குத்தான் வரும். அதற்கு முன்னால் வீடு வீடாகப் போன வாரங்களுக்கும், பின்னால் கணக்கு ஒப்படைக்கும் வாரங்களுக்கும் இல்லை. பிள்ளைகளின் ரயில் காசும் சாப்பாடும் தனி வரியாக விண்ணப்பத்தில் எழுதப்படாவிட்டால் அது நெறியாளரின் சட்டைப்பையிலிருந்து போகும். இந்த ஓட்டையை நிரப்பத்தான் நடிகர் தொலைக்காட்சியில் இரண்டு வரி கும்பல்காரனாகப் போகிறார். கட்டுரையாளர் தலைகீழாகப் பார்த்துவிட்டார்: சினிமா வேடம் வாடகையைக் கட்டுகிறது, தொழில் மண்டபத்தில் நடக்கிறது. 1974இல் தொடங்கி மரிபினோங் ஆற்றங்கரையில் நிற்கும் புட்ஸ்கிறே சமூகக் கலை நிலையம் போன்ற இடங்கள் கூரையும் ஒரு சாவியும் கொடுத்திருக்காவிட்டால் இந்த வேலை பாதியிலேயே நின்றிருக்கும்.

இது வியட்நாமியரோடு நிற்கிற விடயமுமல்ல. 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் பெல்வோர் நாடகக் கம்பனி அரங்கேற்றிய ஈழத் தமிழ்க் குடும்ப நாடகத்தை உங்கள் வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அதை எழுதியவரும் மேற்கு சிட்னியின் சமூகங்களோடு பல வருடம் கதை சேர்க்கும் வேலை செய்தவர். பெரிய மேடை அந்த வேலைக்குப் பின்னால் வந்தது.

கடைசியாக அச்சுப் பிழை ஒன்று. கட்டுரை முழுவதும் ‘நிகுயென்’ என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் கடிதத்திலும் வழக்கத்துக்காக ‘நுயென்’ என்றே எழுதினோம், அதுவும் சரியில்லை. வியட்நாமியரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வைத்திருக்கும் அந்தக் குடும்பப் பெயர் ‘ங’வில் தொடங்குகிறது. ஆங்கிலப் பத்திரிகைகள் திண்டாடலாம், அவர்களிடம் எழுத்து இல்லை. நம்மிடம் அரிச்சுவடியில் எழுதிப் பழகியதோடு வேலையற்றுக் கிடக்கும் எழுத்து அது: ஙுயென். அத்தோடு, வியட்நாமில் ஒருவரை ‘திரு. ஙுயென்’ என்று கூப்பிடுவதில்லை. பெயரின் கடைசிச் சொல்லான சொந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அடுத்த கட்டுரையில் திருத்திக்கொள்வீர்கள் என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
சமூக அரங்கச் செயற்பாட்டாளர்கள் சிலர்,
மெல்பேர்ண் மேற்கு.